கண்ணை மட்டும் விட்டுவிட்டு: பாசம், அடி, ஒப்படைப்பு

1

“கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்.”

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் சொல்லப்படும் இந்த வாக்கியத்தைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. என்னையும் இதைச் சொல்லித்தான் சேர்த்தார்கள். சொன்னவர் என் அப்பா. திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் அவருக்கு வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்து இழுத்து விரலிடுக்கெல்லாம் வெந்துபோன கை. அந்தக் கையைக் கூப்பிக்கொண்டுதான் சொன்னார். தோல் என்றால் என்ன, அதை உரித்தபின் அது என்னவாகும் என்பதையெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரளவுக்குத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் சொன்னார். வாத்தியார் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் என் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இன்று இந்த வாக்கியம் நினைவேக்கப் பொருளாகிவிட்டது. ‘எங்க வாத்தியார் அடிச்ச அடியிலதான் நான் ஆளானேன்’ என்று பள்ளி ஆண்டுவிழாக்களில் நாத்தழுதழுக்கப் பேசுகிறார்கள். அடியால் ஆளானவர்களுக்கு மட்டுமே மேடை கிடைக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. அடிக்குப் பயந்து அஞ்சாம் வகுப்போடு நின்றுபோய் பூட்டுப் பட்டறையிலும் சுருட்டுக் கம்பெனியிலும் சேர்ந்தவர்களை எந்த ஆண்டுவிழாவுக்கும் கூப்பிடுவதில்லை. ஆகவே ‘அடி நல்லது’ என்பதற்கு நம்மிடம் சாட்சிகள் இருக்கிறார்கள். ‘அடி கெட்டது’ என்பதற்குச் சாட்சிகள் வரவழைக்கப்படவேயில்லை.

இந்தக் கட்டுரை பெற்றோருக்குப் புத்தி சொல்வதற்காக எழுதப்படுவதல்ல. அந்த யோக்கியதை எனக்கில்லை என்பது கடைசியில் தெரியும். பாசம், கண்டிப்பு என்ற இரண்டும் எப்படி ஒரே சொல்லாடலாகக் கட்டமைக்கப்பட்டன, அந்தக் கட்டமைப்பில் யார் யாரிடம் எதை ஒப்படைக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே நோக்கம்.

முதலில் மொழி. வாத்தியார் அடி ‘கொடுக்கிறார்’. பிள்ளை அடி ‘வாங்குகிறது’. உதையும் திட்டும் அப்படித்தான். தமிழில் அடி என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். இந்த வாக்கிய அமைப்பில் பிள்ளை எழுவாயாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்து அழுதால் கேட்கப்படும் முதல் கேள்வி ‘யாரு அடிச்சா?’ அல்ல, ‘என்னத்தப் பண்ணி வாங்குன?’ ‘நல்லா கவனிச்சு அனுப்புனேன்’ என்றால் அடித்தேன் என்று பொருள். ‘இன்னிக்கு பூசை இருக்கு’ என்றாலும் அதேதான். பராமரிப்பிலிருந்து ஒரு சொல், வழிபாட்டிலிருந்து ஒரு சொல். அடிக்கென்று தனியாக ஒரு மொழி இல்லை. அன்பின் மொழியையே அது கடன் வாங்கியிருக்கிறது. எனவேதான் ‘பாசத்துலதானடா அடிச்சேன்’ என்று அப்பா சொல்லும்போது, அதை மறுக்கப் பிள்ளையிடம் சொல் இருப்பதில்லை. அடியை மறுத்தால் பாசத்தையும் மறுத்ததாக ஆகிவிடும். எந்தப் பிள்ளை அதற்குத் துணியும்?

‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். படிதல் வேறு, படித்தல் வேறு என்று இலக்கணம் பிரித்துச் சொல்லும். வகுப்பறையில் அது பிரிந்ததில்லை.

2

‘இது நம்ம மரபு’ என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் இருந்தது. பிள்ளையை விட்டத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் தண்டனை. சட்டாம்பிள்ளை இருந்தான். பிள்ளைகளைக் கண்காணிக்கும் பிள்ளை. ஆனால் இந்தச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு கடல்கடந்த கதையும் உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் ஆண் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூட முறையைக் கவனித்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை உண்டாக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பிரம்பைக் குறைத்துக் கண்காணிப்பைக் கூட்டுவது அதன் பெருமையாகப் பேசப்பட்டது. ஃபூக்கோ 1975-இல் ஒழுங்கும் தண்டனையும் குறித்து எழுதிய நூலில், அடுக்கடுக்கான கண்காணிப்பின் உதாரணமாகக் காட்டும் பள்ளிகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான். நம் திண்ணையிலிருந்து போன சட்டாம்பிள்ளை ஐரோப்பிய நவீனத்துவத்தின் ஒழுங்குக்கருவியாகி, ‘கிளாஸ் லீடர்’ என்ற பெயரில் திரும்பி வந்தான். இதில் எது நம் மரபு, எது வெள்ளைக்காரன் கொடுத்தது?

சட்டத்திலும் இதே கலப்பு. மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் வரைந்து, 1860-இல் சட்டமாகி, 1862-இல் நடைமுறைக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 89-ஆம் பிரிவு சொல்வதன் சாரம்: பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன், காப்பாளரோ அல்லது காப்பாளரின் சம்மதத்துடன் வேறொருவரோ செய்யும் காரியத்தால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது. இந்த விலக்குக்கும் வரம்புகள் உண்டு. உயிரைப் போக்கும் நோக்கம் கூடாது. ‘கொடுங்காயம்’ விளைவிப்பதற்கும் பொதுவாக விலக்கு இல்லை. கொடுங்காயம் எது என்பதை 320-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் ஒன்று கண் பார்வையை நிரந்தரமாக இழக்கச் செய்வது.

இப்போது என் அப்பாவின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ‘தோலை உரிச்சிருங்க’ என்பது காப்பாளரின் சம்மதம். ‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு’ என்பது கொடுங்காயத்துக்கான வரம்பு. எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடத்தான் என் அப்பாவுக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் நின்று அவர் 89-ஆம் பிரிவை அதன் வரம்போடு சேர்த்து வாய்மொழியாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சட்டம் சனங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதா, சனங்கள் சட்டத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்களா என்பது என் கேள்வியல்ல. இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்பதே விஷயம். அந்த இடத்தில் பிள்ளையின் சம்மதம் என்ற பேச்சே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 89-ஆம் பிரிவுக்குச் சட்டமே ஓர் உதாரணம் தந்திருக்கிறது. கல்லடைப்புக்காகத் தன் பிள்ளைக்கு வைத்தியரைக் கொண்டு கத்தி வைக்கும் தகப்பன். உதாரணத்தில் கத்தி, நடைமுறையில் பிரம்பு. பிரம்பும் ஒரு வைத்தியம்தான் என்ற வாதம் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. ஆனால் வைத்தியர் கோபத்தில் கத்தியை எடுப்பதில்லை. எதை அறுக்கிறோம் என்று தெரியாமல் அறுப்பதில்லை.

தமிழ்நாடு அரசு 2003-இல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்தது. வாத்தியாரின் கையிலிருந்து பிரம்பு சட்டப்படி பிடுங்கப்பட்டது. ஆனால் 89-ஆம் பிரிவு போகவில்லை. 1 ஜூலை 2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 27-ஆம் பிரிவாக அது உட்கார்ந்திருக்கிறது. காலனியச் சட்டத்தைத் தூக்கியெறிந்துவிட்டோம் என்று முழங்கியவர்களுக்கும் இந்த விலக்கு தேவைப்பட்டிருக்கிறது. வளர்ந்த ஆளை அறைந்தால் கேட்க நாதியுண்டு. பன்னிரண்டு நிறையாத உடம்பை அறைந்தால் ‘நல்லெண்ணமா?’ என்று முதலில் விசாரிக்க வேண்டும். உடம்பு சிறுக்கச் சிறுக்கப் பாதுகாப்பும் சிறுக்கிறது.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. மூவரில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோர். ஸ்வீடன் 1979-இலேயே பெற்றோர் அடிப்பதையும் தடைசெய்தது. இங்கே சட்டம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

3

‘முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்.’

எங்கள் பக்கத்தில் இதைப் பழமொழியாக மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர்ப் பக்கமெல்லாம் முருங்கை விளைகிற பூமி. முருங்கையை ஒடிப்பது அங்கே தினசரி வேலை. செடிமுருங்கை இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் பக்கக்கிளை வெடிக்கும். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் மறுதாம்பு தழைக்கும். இதெல்லாம் சரியான விவசாயம். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். முருங்கையை ஒடிப்பது யாருக்காக?

ஒடிக்காமல் விட்டால் முருங்கை செத்துவிடாது. உயரமாக வளரும். காய் எட்டாத உயரத்தில் காய்க்கும். மரத்துக்கு அதில் நஷ்டமில்லை. நஷ்டம் பறிக்கிறவருக்கு. ஒடிப்பது காய்க்காக, காய் மார்க்கெட்டுக்காக. பழமொழி இதை மறைக்கிறது. ‘வளர்ப்பது’ என்ற சொல்லைப் போட்டு, வளர்க்கிறவரின் தேவையை வளர்கிறதன் நன்மையாக மாற்றிவிடுகிறது. நாம் கட்டவிழ்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். விவசாயியாவது ‘முருங்கை மேல உள்ள பாசத்துல ஒடிச்சேன்’ என்று சொல்வதில்லை.

தோலுக்கும் இதுதான். பச்சைத்தோல் அழுகும். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதனிட்டால்தான் விலைபோகும். ‘பதம்’, ‘பக்குவம்’ என்று சமையலுக்கும் தோலுக்கும் பிள்ளைக்கும் நாம் ஒரே சொற்களைப் புழங்குகிறோம். மூன்றிலும் பக்குவம் என்பது இன்னொருவரின் பயன்பாட்டுக்குத் தயாராவது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக்கினார். அதற்கு 2012-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அந்தத் தலைப்பை நான் எப்போதும் இரண்டாகத்தான் படிக்கிறேன். குழியில் கிடக்கும் ஆட்டுத்தோல் ஒன்று. அதை இழுக்கிறவனின் தோல் இன்னொன்று. என் அப்பாவின் வாக்கியத்தில் மூன்றாவதாக ஒரு தோல் சேர்ந்துகொண்டது.

4

ஒப்படைப்பு பள்ளிக்கூட வாசலோடு முடியவில்லை.

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகள் பல ‘சுமங்கலித் திட்டம்’ என்பதன் மூலம் ஆளெடுத்தன. ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போனார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளை மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு உதவும். இடையில் நின்றால் அந்தத் தொகை போச்சு. மூன்று வருஷம் முடியும் முன்பே உடம்பு கெட்டு ஊர் திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர்.

திட்டத்தின் சுரண்டலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்படாதது, பெற்றோர் அதை ஏன் நல்லதென்று நினைத்தார்கள் என்பது. வறுமை மட்டும் காரணமென்றால் கேள்வி சுலபம். நான் பேசிக்கேட்ட தாய்மார்கள் வேறொன்றையும் சொன்னார்கள். “வெளிய தெருவுல விடமாட்டாங்கய்யா. போன் பேசவிடமாட்டாங்க. நாங்க போனாத்தான் பாக்கவிடுவாங்க. பிள்ளை பத்திரமா இருக்கும்.” எதையெல்லாம் தொழிற்சங்கக்காரர்கள் அடிமைத்தனம் என்று பட்டியலிட்டார்களோ, அதையெல்லாம் அந்தத் தாய் பாதுகாப்பு என்று பட்டியலிட்டார். இருவரும் சொன்னது ஒரே விடுதியைப் பற்றித்தான். வயசுக்கு வந்த பெண்ணை அடக்கிவைக்கும் வேலையைக் குடும்பம் மில்லிடம் ஒப்படைத்தது. மில் அந்தப் பாசத்தை உற்பத்தியாக மாற்றியது. சாதி மாறிக் காதலித்துவிடக் கூடாதே என்ற பயமும் இந்தப் ‘பத்திரம்’ என்ற சொல்லுக்குள் இருந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆணவக்கொலை செய்தவர்களும் ‘பாசமா வளத்த பிள்ளை’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் இதே மாவட்டத்தில் உண்டு. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்ட பின், பெண்கள் முன்நின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022-இல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று அறியப்படும் உடன்படிக்கையைப் பெற்றது. பாலியல் தொந்தரவும் வசவும் இல்லாத ஆலைத்தளம் என்பது அதன் குறி. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று மேற்பார்வையாளர்களின் நடத்தையைக் கவனித்துப் புகார் சொல்கிறார்கள். சட்டாம்பிள்ளை தலைகீழாக நிற்கும் காட்சி இது. கண்காணிக்கப்பட்டவர்கள் கண்காணிக்கிறார்கள். ‘பிள்ளை பத்திரமா இருக்கும்’ என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் சாத்தியம்.

5

அப்படியானால் அடிக்காமல் வளர்த்தால் போதுமா? மாற்றுக்கதையாடல்களும் இந்தப் பக்கத்திலேயே உண்டு. இத்தாலியரான மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து, உலகப்போரினால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். பரிசும் வேண்டாம் தண்டனையும் வேண்டாம் என்றவர். மலைக்குக் கீழே சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1947-இல் சௌந்தரமும் ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பிரம்புக்குப் பதில் ராட்டை, கைத்தொழில்வழிக் கல்வி.

ஆனால் காந்தியிடமே ஒரு சிக்கல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு பையனை ரூல்தடியால் அடித்ததையும், அடிக்கும்போது தன் கை நடுங்கியதையும், அது சரியா என்ற சந்தேகம் தீராததையும் அவரே எழுதியிருக்கிறார். பிற்பாடு ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் இருவர் ஒழுக்கம் தவறியபோது அவர் யாரையும் அடிக்கவில்லை. ஏழு நாள் பட்டினி கிடந்தார், நாலரை மாதம் ஒருவேளை மட்டும் சாப்பிட்டார். பிரம்பைவிட இது மேலானது என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஏனென்றால் இந்த முறை எங்கள் வீட்டிலும் இருந்தது. அம்மா அடித்ததேயில்லை. “நீ செஞ்ச காரியத்துக்கு எனக்கு சோறு எறங்குமா?” என்று அடுப்படியில் படுத்துவிடுவாள். அப்பாவின் அடி சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். அம்மாவின் பட்டினி எனக்கு இன்னும் ஆறவில்லை. அடி உடம்பில் எழுதுகிறது. பட்டினி உள்ளே எழுதுகிறது. பிந்தியதை அழிக்க முடியாது, ஏனென்றால் அதை எழுதியது நம் கைதான் என்று நம்ப வைக்கப்பட்டிருக்கிறோம்.

இன்றைய நடுத்தரவர்க்கம் பிள்ளையை அடிப்பதைக் கேவலமாக நினைக்கிறது. நல்லதுதான். ஆனால் அதிகாலை ஐந்து மணி முதல் ராத்திரி பத்து மணி வரை மணியடித்துப் படிக்கவைக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு லட்சங்களைக் கட்டுகிறது. ‘உனக்காக எவ்வளவு செலவு பண்றோம் தெரியுமா?’ என்ற கேள்விதான் இன்றைய பிரம்பு. ‘தோலை உரிச்சிருங்க’ என்றவர் பகிரங்கமாகச் சொன்னார். கட்டண ரசீதில் அது எழுதப்படுவதில்லை. அவ்வளவே வித்தியாசம்.

‘உன் நன்மைக்காகத்தான்’ என்று பிள்ளையின் விருப்பத்தை முறிக்கும் வளர்ப்பு, அடிபட்டவனையே அடிக்கிறவனாக ஆக்குகிறது என்று ஆலிஸ் மில்லர் 1980-இல் எழுதினார். அப்பா அடித்தபோது அம்மா தன்னைக் காக்கவில்லை என்று அவருடைய மகன் பிற்பாடு எழுதினார். இதை வைத்து மில்லரின் வாதத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தெரிந்திருப்பது வேறு, கை நிற்பது வேறு என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.

6

கடைசியாக, நான்.

சில வருஷங்களுக்கு முன் என் மகள், அப்போது எட்டு வயது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கையை உதறிக்கொண்டு பின்னால் எடுத்துக்கொண்டிருந்த பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடினாள். இழுத்துப் பிடித்து முதுகில் ஓங்கி அறைந்தேன். பிறகு நான் சொன்ன வாக்கியம்: “பாசம் இல்லாமலா அடிக்கிறேன்?” சொன்ன கணத்தில் அது என் வாக்கியமில்லை என்று தெரிந்தது. எனக்குச் சொல்லப்பட்டது அப்படியே என் வாய்வழியாக வெளியே போனது.

யோசித்துப் பார்த்தால் அந்த அறை பாசத்தால் விழுந்ததல்ல. பயத்தால் விழுந்தது. பயம் எனக்கு, அறை அவளுக்கு. பயத்தைப் பயமென்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்: ‘நீ செத்துப்போயிருவியோன்னு பயந்துட்டேன்’ என்று. அதைச் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. அதிகாரத்துக்கு எல்லாச் சொல்லும் தெரியும், பயத்தை ஒப்புக்கொள்ளும் சொல்லைத் தவிர.

இங்கிருந்து திரும்பி அப்பாவைப் பார்க்கிறேன். அந்த வாக்கியத்தில் இருந்ததும் பயம்தான். என் பிள்ளையும் இந்தச் சுண்ணாம்புக் குழிக்கு வந்துவிடுவானோ என்ற பயம். பள்ளிக்கூட வாசலுக்குள் காலெடுத்து வைக்க விடப்படாத ஒரு பரம்பரையின் பயம். எழுத்துத் தெரிந்தவனிடம் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. ஆகவே என் தோலைக் கொடுத்தார். அவரைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவது என் வேலையல்ல. ஆனால் அவருடைய பயத்தைப் புரிந்துகொள்வது ஒன்று, அந்தப் பயத்துக்கு ‘பாசம்’ என்று பெயரிட்டுப் பேரப்பிள்ளை வரை கடத்துவது இன்னொன்று. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதை நிறுத்த முடியும்.

நிறுத்துவதற்கு அன்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. அடியிடமிருந்து அன்பின் சொற்களைத் திரும்ப வாங்கினால் போதும். அடித்தால் ‘அடித்தேன்’ என்று சொல்வது. பயந்தால் ‘பயந்தேன்’ என்று சொல்வது. தவறென்றால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது. ‘பிள்ளைகிட்ட போய் மன்னிப்பா?’ என்று கேட்கும் குரல் எங்கிருந்து வருகிறதோ, அங்கேதான் 27-ஆம் பிரிவும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் எழுப்பிவிட வேண்டும்.

அன்று ராத்திரி மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா உங்ககிட்ட கேட்டாரா?”

கேட்கவில்லை என்றேன். ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்டதற்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.